குயின்ரி விரிகுடாவில் பிக்கரல்: படகில் ஏறும் முன், பெரிய மீனைப் பற்றி

ஒன்ராறியோவின் மீன் கடைகளில் பிக்கரல் என்று எழுதி வைத்திருக்கும் மீனும், தூண்டில்காரர்கள் வால்ஐ என்று சொல்லும் மீனும் ஒன்றே. நம் ஊர் வாளை மீனுக்கும் இதற்கும் காதில் விழும் ஓசையைத் தவிர வேறு உறவில்லை. இது நன்னீரில் வாழும் பேர்ச் குடும்பத்து மீன். பொன் கலந்த பச்சை உடம்பு, முதுகின் முள் துடுப்பில் பின்மூலையில் ஒரு கறுப்புத் திட்டு, வாலின் கீழ் நுனியில் வெள்ளை. இந்த மூன்றும் இருந்தால் சந்தேகம் வேண்டாம். கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அடிக்கும் படலம் ஒன்று உண்டு. அதனால் இருட்டில் டார்ச் அடித்தால் பூனைக் கண் போல மின்னும். மங்கிய வெளிச்சத்தில் இரை தேடப் பிறந்த மீன் இது.

ரொறன்ரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே இரண்டு மணி நேரம் ஓடினால் குயின்ரி விரிகுடா வந்துவிடும். இலையுதிர் காலம் தொடங்கியதும் வழிகாட்டிப் படகு எடுக்கும் நம்மவர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்பார்கள். பத்து இறாத்தல் மீன் கிடைக்குமா? எத்தனை மீன் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்? இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் அவற்றுக்கு ஒரே மீன் பதிலாக முடியாது. படம் எடுக்க ஏற்ற மீன் வேறு, சட்டிக்கு ஏற்ற மீன் வேறு. இதைப் படகில் ஏறிய பிறகு பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும், அதனால் முன்கூட்டியே பேசிவிடுவோம்.

முதலில் விரிகுடாவின் அமைப்பு. வரைபடத்தில் இது ஆங்கில இசட் எழுத்துப் போல வளைந்து கிடக்கும். மேற்கே ட்ரென்ரனிலிருந்து பெல்வில் வழியாக டெசரொன்ரோ வரை உள்ள மேல்பகுதி ஆழம் குறைந்தது, பல இடங்களில் 5 மீற்றரைத் தாண்டாது. டெசரொன்ரோவில் திரும்பி, லோங் ரீச் என்னும் நீண்ட கால்வாய் போன்ற பகுதி தெற்கே பிக்ரன் வரை இறங்குகிறது. அங்கிருந்து கிளெனோரா ஃபெரித் துறையைத் தாண்டி அடோல்ஃபஸ் ரீச் கிழக்கே ஒன்ராறியோ ஏரியில் போய்ச் சேர்கிறது. அந்தக் கீழ்ப்பகுதியில் 30 மீற்றருக்கு மேலும் ஆழம் உண்டு.

மீனின் ஆண்டும் இந்த வளைவையே பின்பற்றுகிறது. பனி கரைந்து ஏப்ரலில் தண்ணீர் ஆறேழு பாகைக்கு ஏறியதும் ட்ரென்ற், மொய்ரா, சால்மன், நப்பனி ஆறுகளின் கல்லடிப் பகுதிகளில் முட்டையிடும். மார்ச் 1க்குப் பிறகு மே மாதத்து முதல் சனிக்கிழமை வரை பிடிக்கத் தடை இருப்பது இதற்காகத்தான். முட்டையிட்டு முடிந்ததும் பெரிய மீன்கள் விரிகுடாவை விட்டு ஏரிக்குப் போய்விடும். இளையவை மேல்பகுதியில் புல் ஓரங்களில் தங்கிவிடும். அக்டோபர் கடைசியிலிருந்து ஏலைஃப், கிஸார்ட் ஷாட் என்னும் சிறு மீன் கூட்டங்களைத் துரத்திக்கொண்டு பெரியவை மறுபடி உள்ளே வரும். நவம்பர் முழுவதும், தண்ணீர் உறையும் வரையும் பிக்ரன், லோங் ரீச், ஹே பே வாய், அடோல்ஃபஸ் ரீச் பக்கங்களில் அவை நிற்கும். குயின்ரியைத் தேடித் தொலைவிலிருந்தும் ஆட்கள் வருவது இந்த ஆறு வாரத்துக்குத்தான்.

அந்த ஆறு வாரத்தில் தூண்டிலில் வரும் 70, 75 சென்ரிமீற்றர் மீன்கள் பெரும்பாலும் தாய் மீன்கள். பத்து வயதைத் தாண்டியவை பல. அடுத்த ஏப்ரலில் இடப்போகும் சினை அப்போதே வயிற்றில் கட்டத் தொடங்கியிருக்கும். ஒரு பெரிய தாய் லட்சக்கணக்கில் முட்டையிடும்.

இந்த விரிகுடா ஏற்றமும் இறக்கமும் கண்டது. 1970களில் பொஸ்பரஸ் கழிவால் பாசி மண்டி வால்ஐ அருகிப்போனது. கழிவு கட்டுப்படுத்தப்பட்டு, கடுங்குளிரில் வெள்ளைப் பேர்ச்சும் ஏலைஃபும் கூட்டம் கூட்டமாகச் செத்த பிறகு, 1978இல் பொரித்த குஞ்சுகள் பெருமளவில் பிழைத்தன. 1980களின் செழிப்பு அந்த ஒரே தலைமுறையில் தொடங்கியது. 1990களின் நடுவில் வரிக்குதிரைச் சிப்பி வந்து தண்ணீரைப் பளிங்காக வடித்துவிட்டது. வெளிச்சம் அடிவரை இறங்கியது, புல் பரந்தது, மங்கலை விரும்பும் மீன் குறைந்தது. ஒரு நல்ல முட்டைப் பருவம் பல ஆண்டுகளைத் தாங்கும் என்பதை இந்த நீர் கண் முன்னே காட்டியிருக்கிறது. தாய் மீனைப் பற்றி நாங்கள் ஓயாமல் பேசுவதற்கு இதுவே காரணம்.

தெளிந்த தண்ணீர் நேரத்தையும் மாற்றிவிட்டது. காற்றில்லாத வெயில் நாளில் நண்பகல் பெரும்பாலும் வீண். விடிகாலை, அந்தி, மேகம் மூடிய நாள், அரை மீற்றர் அலை எழுப்பும் காற்று, இவைதாம் மீன் வாய் திறக்கும் வேளைகள். வழிகாட்டி காலை ஐந்தரைக்கு வரச் சொன்னால் காரணத்தோடுதான் சொல்கிறார்.

படகு பிடிக்கும்போது கேட்க வேண்டியவை

விலையை மட்டும் கேட்டு முன்பணம் அனுப்பிவிடாதீர்கள். காசு வாங்கி ஆள் ஏற்றும் படகு கனடியப் போக்குவரத்து அமைச்சின் பார்வையில் வணிகப் படகு. அதற்கான பதிவு உண்டா, பயணிகளையும் சேர்த்துக் காப்புறுதி உண்டா, ஓட்டுபவரிடம் என்ன பயிற்சிச் சான்று இருக்கிறது என்று கேட்கலாம். நல்ல வழிகாட்டி இந்தக் கேள்வியில் முகம் சுளிக்க மாட்டார். எத்தனை பேருக்கு இடம், சூடாக்கி உண்டா, கழிவறை உண்டா என்பதையும் கேளுங்கள். பெண்களும் முதியவர்களும் வருகிற குழுவுக்குக் கடைசிக் கேள்வி முக்கியம். காற்றெச்சரிக்கை வந்தால் பயணம் தள்ளிப்போகுமா, முன்பணம் என்னவாகும் என்பது எழுத்தில் இருக்கட்டும். லோங் ரீச்சிலும் அடோல்ஃபஸ் ரீச்சிலும் காற்று நீளவாக்கில் விழுந்தால் அலை குறுகலாகவும் செங்குத்தாகவும் எழும். வழிகாட்டி "இன்று வேண்டாம்" என்றால் வற்புறுத்தாதீர்கள். அந்த வார்த்தைக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

நவம்பர் தண்ணீர் 10 பாகைக்குக் கீழே இருக்கும். மனிட்டோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ற் குளிர்நீருக்குச் சொன்ன கணக்கு 1-10-1. விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு திணறும். அதை அடக்கிவிட்டால் கைகால் வேலை செய்வது 10 நிமிடம். நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். முதல் நிமிடத்தில் தலை தண்ணீருக்கு மேலே நிற்கவில்லை என்றால் மற்ற இரண்டு எண்ணுக்கும் வேலையில்லை. ஆகவே உயிர்காப்பு அங்கி இருக்கைக்கு அடியில் கிடந்து பயனில்லை, உடம்பில் இருக்க வேண்டும். நீச்சல் தெரிந்தவருக்கும் இதே விதிதான். தண்ணீர் பட்டதும் ஊதிக்கொள்ளும் அங்கி 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் 36.3 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் அனுமதிக்கப்பட்டதல்ல. அவர்களுக்கு நுரை வைத்த அங்கி. உடுப்பில் பருத்தி வேண்டாம், ஜீன்ஸும் வேண்டாம். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவே தடித்த பிளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத மேலாடை. கையுறை இரண்டு சோடி, ஒன்று நனைந்தே தீரும். பியர் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நிலையான படுக்கை, சமையல், கழிவறை வசதியுள்ள படகு நங்கூரமிட்டோ கட்டியோ நிற்கும்போது மட்டுமே ஒன்ராறியோவில் படகில் குடிக்கலாம். மீன்பிடிப் படகு அதற்குள் வராது.

இழுவைத் தூண்டில்: என்ன நடக்கிறது, எங்கே தவறுகிறது

மே, ஜூனில் மேல்பகுதியில் பிடிப்பது எளிய வேலை. அடியைத் தட்டிக்கொண்டு போகும் 1 அவுன்ஸ் ஈயக் கம்பி, அதன் பின்னால் சுழலும் தகடும் மண்புழுவும், மணிக்கு ஒரு மைல் வேகம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும், கறிக்கு நாலு மீன் போதும் என்கிறவர்களுக்கும் நாங்கள் சொல்வது இந்தப் பருவத்தைத்தான். 40 முதல் 50 சென்ரிமீற்றர் மீன்கள் அப்போது நிறைய.

நவம்பர் வேறு. அடி 80 அடி ஆழத்தில் இருக்கும், மீன் நடுத்தண்ணீரில் 20, 30, 40 அடியில் மிதந்து நிற்கும். படகு தலைக்கு மேலே போனால் விலகிவிடும். அதனால் தூண்டில் நூலைப் பக்கவாட்டுப் பலகையில் மாட்டி, படகிலிருந்து 20, 30 மீற்றர் விலக்கி இழுக்கிறோம். பலகை ஒரு முழத்துக்கும் குறைந்த சின்னத் துண்டு. அதன் சரிந்த முகப்பு தண்ணீரைத் தள்ள, அது வெளிப்பக்கம் ஒதுங்கி ஓடும். நூல் எவ்வளவு வெளியே போயிருக்கிறது என்பதை ரீலில் உள்ள எண்ணி காட்டும். பத்து இறாத்தல் தங்கூசியில் 100 அடி விட்டால், அகன்ற உதடு உள்ள லூர், அதாவது மீன் வடிவச் செயற்கை இரை, 20 அடியைத் தாண்டி இறங்கும். மெல்லிய பின்னல் நூலில் அதே லூர் இன்னும் ஆழம் போகும். அதனால்தான் நூலை மாற்றினால் கணக்கையும் மாற்ற வேண்டும். லூர் தானாக எட்டாத ஆழத்துக்கு ஒரு வழி உண்டு: 50 அடி விட்டு, நூலில் 2 அவுன்ஸ் ஈயத்தைக் கவ்வ வைத்து, பிறகு இன்னொரு 50 அடி விடுவது.

வால்ஐயின் கண் மேல்நோக்கியது. மீனைக் காட்டும் சோனார் கருவியில் மீன் 35 அடியில் தெரிந்தால் லூரை 28, 30 அடியில் ஓட்டுகிறோம். அதற்குக் கீழே போன லூரை அது பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. வேகம் மணிக்கு 1.2 முதல் 1.8 மைல். தண்ணீர் 5 பாகைக்குக் கீழே போனால் ஒரு மைலை ஒட்டி. எது சரி என்று திருப்பத்தில் தெரியும். படகு வளையும்போது உள்பக்கப் பலகைகள் மெதுவாகும், வெளிப்பக்கம் வேகமெடுக்கும். உள்பக்கத்தில் கடி விழுந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், வெளிப்பக்கத்தில் விழுந்தால் கூட்ட வேண்டும்.

பெரிய மீன் கடித்தால் கம்பு படாரென்று வளையும் என்று எதிர்பார்க்காதீர்கள். குளிர்நீரில் பலகை மெல்லப் பின்வாங்கும், அவ்வளவுதான். புல் மாட்டினாலும் பின்வாங்கும். கம்பின் நுனியைப் பாருங்கள். லூர் துடிக்கும் சீரான நடுக்கம் செத்துப்போயிருந்தால் புல், இடையிடையே கனத்த அசைவு இருந்தால் மீன்.

மீன் தவறுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். கம்பைத் தாங்கியிலிருந்து எடுக்கும்போது வெட்டி இழுப்பது முதலாவது. படகு ஓடிக்கொண்டிருப்பதால் கொக்கி ஏற்கனவே பிடித்திருக்கும், இன்னொரு வெட்டு வாயைக் கிழிக்கும். இரண்டாவது, கம்பை மேலே இழுத்துக் கீழே தாழ்த்திச் சுற்றும் பழக்கம். கடல் மீனுக்கு அது சரி, இங்கே தாழ்த்தும் ஒவ்வொரு முறையும் நூல் தளர்ந்து கொக்கி நழுவும். கம்பை ஒரே வளைவில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சுற்றினால் போதும். மூன்றாவது, பலகை படகருகே வந்து அதைக் கழற்றும் இரண்டு விநாடி. அப்போது ஒரு அடி கூடப் பின்னால் நகராமல், முன்னால் சாயாமல் நில்லுங்கள்.

விடுவதும் ஒரு தொழில்தான்

பெரியதை விடப்போகிறோம் என்று முடிவெடுத்தால் அந்த முடிவு லூரைத் தண்ணீரில் போடும்போதே தொடங்க வேண்டும். மும்முனைக் கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். முடிச்சு வலை வழவழப்புப் படலத்தை உரித்துவிடும், ரப்பர் பூசிய வலை நல்லது. கமெரா தயாரான பிறகுதான் மீன் தண்ணீரை விட்டு வெளியே வர வேண்டும். ஈரக்கையால், ஒரு கை செவுள் மூடியின் கீழ்த் தாடையருகே, இன்னொரு கை வயிற்றடியில், படுக்கைவாட்டில் பிடியுங்கள். செவுளுக்குள்ளே விரல் விடக்கூடாது. செவுள் மூடியின் ஓரம் கத்தி போல வெட்டும், வாயில் நாய்ப்பல் இருக்கிறது, அதையும் நினைவில் வையுங்கள். செங்குத்தாகத் தொங்கவிட்டு எடுக்கும் படம் பெரிய மீனின் உடற்கூட்டைச் சிதைக்கும். காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தால் செவுள் இழை சில விநாடியில் உறையத் தொடங்கும். மனதுக்குள் பத்து எண்ணுங்கள், பத்துக்குள் மீன் தண்ணீரில்.

பலருக்கும் தெரியாத விஷயம் ஆழம். வால்ஐயின் காற்றுப்பைக்கு வாய் வழியாகக் காற்றை வெளியேற்றும் பாதை கிடையாது. 30 அடிக்குக் கீழே கவ்விய மீனை மேலே கொண்டுவந்தால் பை வீங்கி, வயிறு உப்பி, கண் பிதுங்கி, சிலவேளை இரைப்பை வாய்க்குள் தள்ளிவிடும். விட்டால் நீந்திப் போவது போலத் தெரியும், பிறகு செத்துவிடக்கூடும். ஊசியால் குத்திக் காற்று விடுவது தேர்ந்த கைக்கும் ஆபத்தான வேலை, செய்யாதீர்கள். இங்கே கணக்கு மீன் கவ்விய ஆழம், அடியின் ஆழமல்ல. 80 அடி நீரில் 22 அடியில் கவ்விய மீன் நன்றாகப் பிழைக்கும். பனிக்கட்டி மேல் துளையிட்டு 50 அடியில் அடியோரமாகப் பிடித்தது பிழைப்பது கடினம். அதனால் ஆழத்தில் பிடிக்கிற நாளில் "பிடித்து விடுவோம், பிடித்து விடுவோம்" என்று தொடர்வதில் கருணை இல்லை. வைத்துக்கொள்ள வேண்டியது கிடைத்ததும் நிறுத்துங்கள், அல்லது ஆழம் குறைந்த இடத்துக்கு மாறுங்கள்.

கணக்கும் சட்டமும்

குயின்ரி 20ஆம் மீன்வள வலயத்தில் வருகிறது. விளையாட்டு மீன்பிடி அனுமதி (sport) உள்ளவருக்கு 4 வால்ஐ, குறைந்த அளவு பிடிப்பதற்கான பாதுகாப்பு அனுமதி (conservation) உள்ளவருக்கு 2. இரண்டிலும் 63 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டது 1 மட்டுமே. பருவம் ஜனவரி 1 முதல் மார்ச் 1 வரை, பிறகு மே முதல் சனி முதல் டிசம்பர் 31 வரை. விதிப்புத்தகம் திருத்தப்படுவது உண்டு, அதனால் புறப்படும் வாரத்தில் மாகாணத்தின் அந்த ஆண்டுப் பக்கத்தைப் பாருங்கள். ஒருவருக்கு எத்தனை தூண்டில் என்பதையும் அதே இடத்தில் பார்க்கலாம். அளக்கும்போது வாயை மூடி, வால் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து, முழு நீளம் எடுக்க வேண்டும்.

கனடாவில் வசிக்கும் 18 வயதுக்குக் குறைந்தோரும் 65 வயது நிரம்பியோரும் அனுமதி வாங்க வேண்டியதில்லை, அடையாள அட்டை போதும். ஊரிலிருந்து பார்க்க வந்த அப்பா அம்மாவுக்கு இந்தச் சலுகை இல்லை. எழுபது வயதானாலும் வெளிநாட்டவருக்கான அனுமதி வேண்டும். படகில் கம்பைக் கையில் கொடுக்கும் முன் அதை வாங்கிவிடுங்கள்.

நம் குடும்பங்கள் அறியாமல் மாட்டிக்கொள்வது கைவசக் கணக்கில். நாலு என்பது ஒரு நாளைக்கு மட்டுமான எண் என்று பலர் நினைக்கிறார்கள். கைவசம் வைத்திருக்கக்கூடியதும் அதே நாலுதான், வீட்டு ஃப்ரீசரில் இருப்பதும் அதில் அடங்கும். போன மாதம் பிடித்த மூன்று உறைந்து கிடந்தால் இன்று ஒன்றுதான் எடுத்துவரலாம். இரண்டாவது பிடி, கரையிலேயே துண்டு போட்டுப் பையில் அடைப்பது. அதிகாரி எந்த மீன், எத்தனை, எவ்வளவு நீளம் என்று பார்க்கக்கூடிய நிலையில் மீன் இருக்க வேண்டும். குடலை எடுத்துவிட்டு, முழு மீனாக ஐஸில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மிஞ்சிய இரையையும் வாளித் தண்ணீரையும் கரையிலிருந்து 30 மீற்றருக்கு அப்பால் கொட்டுங்கள்.

சமையலறையில்

மாகாண அரசு வெளியிடும் மீன் உணவு வழிகாட்டியில் இடம், மீன், நீளம் என்று பிரித்து, மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று போட்டிருப்பார்கள். ஒரு வேளை என்பது 227 கிராம். கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் தனி வரிசை உண்டு, அதைத் தவறாமல் பாருங்கள். நீளம் கூடக் கூட வேளை குறையும், காரணம் பாதரசம். வால்ஐ மீன் தின்னும் மீன், வயதோடு பாதரசம் சதையில் சேரும். கழுவியும் போகாது, புளியிலும் போகாது. பிசிபி என்னும் இன்னொரு நச்சு கொழுப்பில் தங்கும். அதைத் தோலையும் வயிற்றோரக் கொழுப்பையும் நீக்கிக் குறைக்கலாம். ஈரலும் குடலும் வேண்டாம். சினையும்தான். மீன் சினை வறுவல் நமக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்தே சொல்கிறோம், அதுவும் கொழுப்பு நிறைந்த பகுதி.

ருசியும் சிறியதன் பக்கமே. 45 சென்ரிமீற்றர் பிக்கரலின் சதை வெள்ளையாக, இனிப்பாக, முள் குறைவாக இருக்கும். ஆனால் மென்மையானது, பாரை போல நினைத்துக் கொதிக்கும் குழம்பில் போட்டால் கரைந்துவிடும். குழம்பு வற்றி இறக்கும் பதத்துக்கு வந்ததும் துண்டுகளைப் போட்டு, கரண்டி விடாமல், சட்டியைச் சுற்றி அசைத்து, நாலைந்து நிமிடத்தில் அடுப்பை அணையுங்கள். பொரிப்பதானால் உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிப் பத்து நிமிடம் போதும், அரிசி மாவு லேசாகத் தூவினால் எண்ணெயில் உடையாது. கன்னத்தில் ஒரு ரூபாய்க் குற்றியளவு சதை இருக்கும், தலையை எறியும் முன் கத்தி நுனியால் அதை நெம்பி எடுத்துவிடுங்கள்.